ஜப்பான் ரயில் பாஸ்: 50,000 யென் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

ஜப்பான் போகிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி, "ஜே.ஆர். பாஸ் வாங்கிட்டியா?" என்பதுதான். நாடு முழுக்க ஓடும் ஜே.ஆர். குழும ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்று வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கும் சீட்டு அது. 2019-இல் போய்வந்த பிறகு நானும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு திரிந்தேன். 2024 நவம்பரில் இரண்டாவது முறை போனபோது பாஸ் வாங்கவில்லை. அதனால் இது பாஸ் வாங்கி ஒரு முறையும் வாங்காமல் ஒரு முறையும் சுற்றிய ஒருவன் எழுதும் விமர்சனம். அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, நடுவில் ஹிரோஷிமா என்று எல்லாரும் போகிற வழியில் போகிறீர்கள், போகிற இடத்தில் இரண்டு மூன்று இரவு தங்குகிறீர்கள் என்றால் நாடு முழுவதற்குமான அந்தப் பாஸ் உங்களுக்கு வேண்டாம்.

என்ன மாறிவிட்டது என்றால் விலை. 2023 செப்டம்பர் வரை 7 நாள் சாதாரண வகுப்புப் பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே ஏறக்குறைய அந்தக் காசு வந்துவிடும், அதனால் யாரும் யோசிக்காமல் வாங்கினார்கள். 2023 அக்டோபர் 1 முதல் அது 50,000 ஆகிவிட்டது. 14 நாள் பாஸ் 47,250-இலிருந்து 80,000, 21 நாள் பாஸ் 60,450-இலிருந்து 1,00,000. ஒரே ராத்திரியில் சுமார் 70 சதவீத ஏற்றம். ஆனால் "போனவுடனே பாஸ் வாங்கு" என்ற அறிவுரை மட்டும் பழைய விலையிலேயே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த முறை மூன்று பேர்: நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. முதலில் ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் திட்டம் போட்டுத் தரச் சொன்னோம் (பெயர் வேண்டாம்). 12 நாள் பயணம், 7 நாள் பாஸ் போதாது, ஆகவே மூன்று பேருக்கும் 14 நாள் பாஸ் என்று எழுதி அனுப்பினார். ஆளுக்கு 80,000, மொத்தம் 2,40,000 யென். சரி, ரயில் டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "சார், பாஸ் இல்லாம ஜப்பான்ல முடியாது சார்" என்றார். கணக்குக் கேட்டால் கணக்குத்தானே சொல்ல வேண்டும்? அன்று ராத்திரி நானே தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

டோக்கியோ முதல் கியோட்டோ வரை ஷிங்கன்சென் என்ற அதிவேக ரயிலில் முன்பதிவு இருக்கையோடு ஒருவருக்குச் சுமார் 14,000 யென். நாங்கள் இறங்குவது டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், திரும்புவது ஒசாகா பக்கம் உள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்து. அதனால் டோக்கியோவுக்குத் திரும்பி வருகிற செலவே கிடையாது. இதை முதலில் செய்துவிட்டாலே பாதிக் கணக்கு தீர்ந்துவிடும். ஒரே நகரத்தில் இறங்கி அங்கேயே வந்து ஏற வேண்டும் என்று விமான டிக்கெட் போடுகிறவர்கள்தான் பாஸிடம் மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்து கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா, மியாஜிமா, ஹிமேஜி, ஒசாகா, விமான நிலையம். இத்தனைக்கும் சேர்த்து ஜே.ஆர். வெஸ்ட் நிறுவனம் கன்சாய்–ஹிரோஷிமா பகுதிப் பாஸ் என்று ஒன்று விற்கிறது. ஐந்து நாள், நாங்கள் வாங்கியபோது 17,000 யென். ஆக, ஊர்விட்டு ஊர் போகும் ரயிலுக்கு ஆளுக்கு 31,000 சொச்சம். ஏற்பாட்டாளர் சொன்னது 80,000. மூன்று பேருக்கு வித்தியாசம் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் யென்னுக்குமேல். அந்தப் பணத்தில் கியோட்டோவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே, லிஃப்ட் உள்ள நல்ல ஓட்டலாகப் பார்த்துத் தங்கினோம்.

ஆனால் 2019-ஐப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அப்போது நானும் மனைவியும் மட்டும். 7 நாள் பாஸில் டோக்கியோவிலிருந்து கியோட்டோ, அங்கிருந்து ஒரே நாளில் ஹிரோஷிமா போய்த் திரும்பல், மறுபடி கியோட்டோவிலிருந்து கனசாவா, கனசாவாவிலிருந்து டோக்கியோ. தனித்தனியாக வாங்கியிருந்தால் சுமார் 58,000 யென் ஆகியிருக்கும், நாங்கள் கொடுத்தது 29,650. பெருமையாக இருந்தது. ஆனால் கனசாவாவில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: ஸ்டேஷன் வாசலில் மேளத்தின் கயிறு முறுக்கியதுபோல் நிற்கும் பெரிய மரத் தோரண வாயில், அப்புறம் கென்ரோகுஎன் தோட்டத்தில் நாற்பது நிமிடம். நவம்பரில் அந்தத் தோட்டம் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். நாங்கள் நுழைந்தது நாலே காலுக்கு. பனி பாரத்தில் கிளை ஒடியாமல் இருக்க பைன் மரங்களுக்கு உச்சியிலிருந்து கயிறு கட்டிக் குடைபோல் விரித்திருந்தார்கள், அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனைவி, "ஆறு மணி ரயிலை விட்டா அவ்வளவுதான்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஏன் அந்த ஊருக்குப் போனோம்? பாஸ் இருந்தது, போனோம். ஏழு நாளும் தொடர்ச்சியாக ஓடிக்கொண்டிருக்கும் பாஸ் அது. நடுவில் ஒருநாள் ஓய்வெடுத்தாலும் அந்த நாள் கணக்கில் கழிந்துவிடும். ஓட்டலில் காலை நீட்டிப் படுத்தால்கூடக் காசு வீணாகிறதே என்று உறுத்தும்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஓட்டத்தை இன்று ஓடினாலும் 50,000 யென் பாஸில் ஏழெட்டாயிரம் மிச்சம் வரும். அதாவது இப்போதும் பாஸ் லாபம்தான், 2019-இல் நாங்கள் சுற்றிய மாதிரிச் சுற்றினால். மனிதர்கள் சுற்றுவதுபோல் சுற்றினால் நஷ்டம்.

பாஸின் அளவு எதுவரை என்பதிலும் நிறையக் குழப்பம் இருக்கிறது. அது ஜே.ஆர். குழும ரயில்களுக்கு மட்டும். டோக்கியோவில் நகரத்தைச் சுற்றிவரும் யமனோட்டே வட்டப்பாதை உண்டு, ஹனேடாவிலிருந்து வரும் மோனோ ரயில் உண்டு, நரிட்டா விமான நிலையத்திலிருந்து வரும் நரிட்டா எக்ஸ்பிரஸ் உண்டு, மியாஜிமா தீவுக்குப் போகும் ஜே.ஆர். படகுகூட உண்டு. ஆனால் டோக்கியோ சுரங்க ரயில் கிடையாது, கியோட்டோ நகரப் பேருந்து கிடையாது. கியோட்டோவில் பார்க்க வேண்டிய இடங்கள் பாதிக்கும் பேருந்தில்தான் போக வேண்டும், ஒருமுறை ஏறினால் 230 யென். ஆக, பாஸ் வைத்திருப்பவரும் சில்லறைக்குத் தனியாக ஒரு கார்டு வாங்கியே ஆக வேண்டும். நாங்கள் ஹனேடாவில் வெல்கம் சூய்கா என்ற கார்டை வாங்கினோம். 28 நாள் செல்லும், முன்பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் மிஞ்சும் காசு திரும்ப வராது, கடைசி நாள் பார்த்து விமான நிலையக் கடையில் செலவழித்துவிட வேண்டும். நுழைவாயிலில் தட்டினால் போதும், எந்த ரயில் யாருடையது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாஸ்காரர்கள் பக்கத்திலேயே ஜே.ஆர். அல்லாத ரயில் இருக்க, காசு மிச்சம் என்று பத்து நிமிடம் நடந்து ஜே.ஆர். ஸ்டேஷன் தேடிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாஸ்காரன் நான்தான்.

நொசோமி விஷயம் இன்னொன்று. டோக்கியோ–ஒசாகா தடத்தில் மிக வேகமான ரயில் நொசோமி, அடுத்தது ஹிகாரி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்பது கொடாமா. நெரிசலான நேரத்தில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு நொசோமி ஓடும், ஹிகாரி இரண்டுதான். பாஸ் வைத்திருப்பவர் ஹிகாரியிலும் கொடாமாவிலும் சும்மா ஏறலாம், நொசோமியில் முன்பு ஏறவே முடியாது. 2023-க்குப் பிறகு ஏறலாம், ஆனால் தனிக் கட்டணம்: டோக்கியோ–கியோட்டோ 4,960 யென், டோக்கியோ–ஹிரோஷிமா 6,500. ஐம்பதாயிரம் கொடுத்தவனிடம் மறுபடி ஐயாயிரம். டோக்கியோ–கியோட்டோ நொசோமியில் இரண்டே கால் மணி, ஹிகாரியில் இரண்டு மணி நாற்பது நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காக நான் கொடுக்கமாட்டேன், ஆனால் ஹிகாரியைத் தவறவிட்டால் அடுத்ததற்காகப் பிளாட்பாரத்தில் நிற்கும்போது நாலைந்து நொசோமி கண்முன்னே கிளம்பிப் போகும், அப்போது வயிறு எரியும்.

பகுதிப் பாஸில் அந்தத் தொல்லை இல்லை. ஒசாகாவுக்கு மேற்கே நொசோமியிலும் அதிலேயே ஏறலாம். ஆனால் ஒரு முடிச்சு உண்டு: கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் நடுவே உள்ள ஷிங்கன்சென் துண்டு வேறு நிறுவனத்துடையது, அங்கே இந்தப் பாஸ் செல்லாது. கியோட்டோவிலிருந்து சாதாரண விரைவு ரயிலில் அரைமணி நேரத்துக்குள் ஷின்-ஒசாகா வந்து, அங்கே ஷிங்கன்சென் ஏற வேண்டும். ஒரு மாற்றம், அவ்வளவுதான். இது தெரியாமல் கியோட்டோவிலேயே ஷிங்கன்சென் வாயிலில் பாஸை நுழைத்தால் கதவு சாத்திக்கொள்ளும்.

பாஸ் இல்லாமல் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ஷிங்கன்சென் கட்டணம் இரண்டு பகுதி. தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று, அதிவேக ரயிலுக்கும் இருக்கைக்குமான கட்டணம் ஒன்று. பல நேரம் கையில் இரண்டு சீட்டு வரும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே நேரத்தில் இயந்திரத்தில் விட வேண்டும். அது இரண்டையும் உள்ளே இழுத்து, நொடியில் அந்தப் பக்கம் அடுக்காகவே நீட்டும். நான் பயபக்தியோடு முதலில் ஒன்றை மட்டும் விட்டேன். கதவு மூடி மணி அடித்து, பின்னால் நின்ற ஏழெட்டுப் பேர் சத்தமில்லாமல் பக்கத்து வாயிலுக்கு நகர்ந்துவிட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

அந்த அடிப்படைக் கட்டணத்தில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. தூரம் கூடக்கூட கிலோமீட்டர் கட்டணம் குறையும், நீண்ட தூரச் சீட்டில் வழியில் இறங்கித் தங்கவும் விடுவார்கள். டோக்கியோ–ஹிரோஷிமா அடிப்படைச் சீட்டு 11,880 யென், ஆறு நாள் செல்லும். அதை வைத்துக்கொண்டு கியோட்டோவில் இறங்கி மூன்று இரவு தங்கிவிட்டு மேலே போகலாம், அதிவேகக் கட்டணம் மட்டும் இரண்டு துண்டாக. டோக்கியோ–கியோட்டோ, கியோட்டோ–ஹிரோஷிமா என்று இரண்டு அடிப்படைச் சீட்டு வாங்குவதைவிட சுமார் மூவாயிரம் யென் குறைவு. செயலியில் இப்படி வாங்க முடியாது, பெரிய ஸ்டேஷன்களில் பச்சை நிறப் பலகையோடு இருக்கும் முன்பதிவு அலுவலகத்தில் ஒரு தாளில் ஊர்களையும் தேதியையும் எழுதிக் காட்ட வேண்டும். எங்களுக்குப் பகுதிப் பாஸ் இருந்ததால் தேவைப்படவில்லை. ஹிமேஜி, நாரா எல்லாம் வேண்டாம், ஹிரோஷிமா மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்த வழி பொருந்தும்.

இன்னும் குறைவாக வேண்டுமென்றால் கொடாமா. ப்ளாட் கொடாமா என்று முன்கூட்டியே வாங்கும் திட்டம் இருக்கிறது, இரண்டு மூன்றாயிரம் யென் குறையும், கூடவே ஒரு பானத்துக்குக் கூப்பனும் தருவார்கள். பதிவு செய்த ரயிலை விட்டால் போயிற்று, மாற்ற முடியாது. கியோட்டோவுக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். பல ஸ்டேஷன்களில் ஓரமாக ஒதுங்கி நிற்கும், நொசோமி பக்கத்தில் பாயும்போது நம் ரயில் ஒரு குலுக்கு குலுங்கும்.

நாங்கள் டோக்கியோ–கியோட்டோவுக்கு ஹிகாரி எடுத்தோம். மேற்கே போகும்போது ஃபூஜி மலை வலப்பக்கம் தெரியும், சாதாரண வகுப்பில் ஈ இருக்கை கேளுங்கள். ஜன்னலோரம் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக அதில் உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன், டோக்கியோ ஸ்டேஷனில் சுத்தம் செய்கிறவர்கள் சில நிமிடங்களிலேயே ரயில் பெட்டியைத் துடைத்து, இருக்கைகளை எல்லாம் போகும் திசைக்குத் திருப்பி, வெளியே வந்து வரிசையாக நின்று குனிந்தார்கள். 2019-இல் இதைப் பார்க்கவே இல்லை, எப்போதும் கடைசி நிமிடத்தில் ஓடிவந்து ஏறினவர்கள் நாங்கள். சாப்பாட்டுப் பெட்டியும் ஸ்டேஷனிலேயே வாங்கிவிட வேண்டும். அம்மா சைவம், சாம்பாரும் தயிரும் தேடவில்லை, ஆனால் அங்கே காய்கறி என்று எழுதியிருந்தாலும் கொதிக்கவைத்த சாற்றில் மீன் இருக்கும். உமெபோஷி வைத்த சோற்று உருண்டை வாங்கிக் கொடுத்தோம். உப்பும் புளிப்புமாக நடுவில் ஒரு சிவப்புக் காய். இரண்டு சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். கிளம்பி முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி, உச்சியில் பனியோடு, மேகமே இல்லாமல் ஜன்னல் முழுக்க வந்து நின்றது. எழுப்புவதற்குள் ஒரு தொழிற்சாலைச் சுவர் மறைத்துவிட்டது. "போட்டோ எடுத்தியா? அப்ப சரி" என்றார்.

பெட்டி விஷயம் மறந்துவிடாதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டருக்குமேல் இருந்தால், இந்தத் தடத்தில் பெட்டி வைக்க இடமுள்ள கடைசி வரிசை இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை, பதிவு செய்யாமல் கொண்டுபோனால் 1,000 யென். அம்மாவின் பெட்டியை நாடாவால் அளந்தால் 164. பேசாமல் முந்தின நாளே ஓட்டல் வரவேற்பறையில் கொடுத்து, யமாட்டோ கூரியரில் கியோட்டோ ஓட்டலுக்கு அனுப்பிவிட்டோம். குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் கறுப்புப் பூனைதான் அவர்களுடைய சின்னம். இரண்டாயிரத்து ஐந்நூறு யென்னுக்குப் பக்கத்தில் ஆயிற்று, மறுநாள் எங்களுக்கு முன்பே பெட்டி அறையில் இருந்தது. முழங்கால் வலிக்காரரோடு போகிறவர்களுக்கு, ஜப்பானில் நான் கொடுத்த காசிலேயே உருப்படியான காசு இதுதான்.

நாள் கணக்கு ஓடும் பாஸ் கையில் இல்லாததால் ஒரு ரயிலில் தவறாக ஏறினாலும் பெரிய நஷ்டமில்லை என்பதும் உண்மை. கியோட்டோவிலிருந்து ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு நாரா தடத்தில் இரண்டாவது ஸ்டேஷன், ஐந்து நிமிடம், 150 யென். பிளாட்பாரத்தில் தயாராக நின்ற ரயிலில் அவசரமாக ஏறினேன், அது மியாகோஜி விரைவு ரயில், இனாரியில் நிற்காது. சிவப்பு வாயில் கண்முன்னே ஜன்னலில் ஓடிப்போயிற்று, ரோகுஜிசோவில் இறங்கி எதிர்த்திசை ரயில் பிடித்தோம். "வேகமான ரயில்ல ஏறாதடான்னு அந்தக் கோயிலே சொல்லுது" என்று அம்மா சிரித்தார். அன்று வேறு எங்கும் போகவில்லை. ஆயிரக்கணக்கான சிவப்பு வாயில்களின் கீழே பாதி மலை ஏறி, ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, இருட்டும்வரை இருந்தோம். கூட்டம் குறைந்ததும் விளக்குகள் எரிந்தன. 2019-இல் இதே இடத்தில் வாசலில் ஒரு படம், ஓட்டம்.

அப்படியானால் பாஸ் யாருக்கு? தூரக்காரர்களுக்கு. டோக்கியோவிலிருந்து தெற்கே ஹகாட்டாவுக்கு ஒரு வழி சுமார் 23,000 யென், வடக்கே ஷின்-ஹகோடாட்டே-ஹோகுட்டோவுக்கும் கிட்டத்தட்ட அதே. இந்த இரண்டில் ஒன்றுக்கு வாரத்துக்குள் போய்வந்தாலே 50,000-ஐ நெருங்கிவிடும், நடுவில் இன்னும் ஒரு ஊர் சேர்ந்தால் பாஸ் ஜெயித்துவிடும். இரண்டுக்கும் போனால் பேச்சே இல்லை. ரயிலில் உட்கார்ந்திருப்பதையே பயணமாக நினைக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வாங்கினால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தொலைத்தால் மறுபடி தரமாட்டார்கள். கூடவே, குறுகிய காலச் சுற்றுலா அனுமதி பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிறதா என்று விமான நிலையத்திலேயே பார்த்துவிடுங்கள், அது இல்லாமல் பாஸ் கையில் கிடைக்காது. புத்தாண்டு, ஏப்ரல் கடைசியில் தொடங்கும் பொன்வார விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஒபோன் பண்டிகை, இந்த மூன்று சமயத்திலும் நொசோமி முழுக்க முன்பதிவுதான். பாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கையை முதலில் பிடியுங்கள்.

அடுத்த முறை நானும் மனைவியும் வடக்கே ஹகோடாட்டேயில் தொடங்கித் தெற்கே ககோஷிமாவரை இறங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், அதற்குப் பாஸ் வாங்குவேன். அம்மா வரமாட்டாராம். கியோட்டோ மட்டும் என்றால் வருகிறாராம், நின்று நின்று போகும் அந்தச் சாதாரண ரயிலில்.